24 துண்டுகளாக வெட்டச் சொல்கிறார் இயக்குநர்: சரி என்று சொல்லலாமா?

வாசகர் ஒருவரிடமிருந்து வந்த கடிதம் நீளமானது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியிருப்பவர் ஒன்பது பொறியாளர்கள் கொண்ட குழுவின் தொழில்நுட்பத் தலைவர். அவர்கள் பராமரிப்பது ஏழு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆர்டர் மென்பொருள். பொருள் பட்டியல், இருப்பு, ஆர்டர், கட்டணம், அறிவிப்பு, அறிக்கைகள் என்று எல்லாமே ஒரே ஜாவா புரோகிராமுக்குள் இருக்கின்றன. கீழே ஒரே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரிலீஸ். போன மாதக் கடைசியில் கணக்குப் பிரிவினர் மாதாந்திர அறிக்கையை எடுத்தபோது டேட்டாபேஸ் திணறி, நான்கு மணி நேரம் ஓர் ஆர்டர்கூட எடுக்க முடியவில்லை. பெரிய நிறுவனம் ஒன்றிலிருந்து புதிதாக வந்திருக்கும் இயக்குநர், "ஆறு மாதத்தில் இதை 24 மைக்ரோசர்வீஸ்களாகப் பிரித்து குபர்நெட்டீஸில் ஏற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். (மைக்ரோசர்வீஸ் என்பது தனியாக ஓடி, நெட்வொர்க் வழியே மற்றவற்றோடு பேசும் சிறு புரோகிராம். அத்தகைய பல புரோகிராம்களைப் பல சர்வர்களில் ஓட்டிக் கவனிப்பது குபர்நெட்டீஸ்.) பயனர் கணக்கு, அறிவிப்பு ஆகிய இரண்டையும் பிரித்தாயிற்று. நேரம் போதாததால் இரண்டும் இன்னும் பழைய டேட்டாபேஸையே தொடுகின்றன. பிரித்த பிறகு ஆர்டர் பட்டியல் பக்கம் முன்பைவிட மெதுவாக வருகிறது.

வாசகரின் கேள்விகள் மூன்று. முழுவதும் பிரித்துவிட்டால் இனி இப்படி மொத்தமாக விழாது அல்லவா? டேட்டாபேஸை மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டால் என்ன கெட்டுவிடும்? மறுத்துப் பேசினால் "காலத்துக்கு ஒவ்வாத ஆள்" என்ற பெயர் வந்துவிடுமோ?

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றாவது கேள்வியில் தொடங்கலாம் என்று நினைத்தேன். கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் ஓடுகிறது. ஆனால் அதற்கான பதில் மற்ற இரண்டையும் பேசிய பிறகுதான் பொருந்தும். அதனால் அந்த மாதக் கடைசி நாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அன்று விழுந்தது எது?

கடிதத்தோடு நீங்கள் ஒட்டியிருந்த லாக் வரிகளை, அதாவது மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவுகளைப் படித்தேன். ஒரே செய்திதான் திரும்பத் திரும்ப வருகிறது: டேட்டாபேஸ் கனெக்ஷன் கிடைக்கவில்லை, காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. போஸ்ட்கிரெஸில் ஒருவர் படிப்பதால் இன்னொருவர் எழுதுவது தடைபடாது. எனவே அறிக்கை ஆர்டர்களைப் பூட்டிப்போடவில்லை. பெரிய அறிக்கைக் கேள்விகள் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளைகள்) சில, எல்லாப் பகுதிகளும் பகிர்ந்துகொள்ளும் கனெக்ஷன்களின் தொகுப்பான பொதுக் கனெக்ஷன் பூலில் இருந்த இடங்களை எல்லாம் பிடித்துக்கொண்டு நகரவில்லை, டிஸ்க்கையும் தின்றன. அறிக்கை வரவில்லையே என்று கணக்குப் பிரிவில் யாரோ பட்டனை மறுபடி மறுபடி அழுத்தியிருப்பார்கள். (இதை யூகமாகத்தான் சொல்கிறேன். ஆனால் நான் பார்த்த இத்தகைய விபத்துகளில் அழுத்தாத ஒருவரைக் கண்டதில்லை.) ஆர்டர் எடுக்கும் பகுதிக்குக் கனெக்ஷனே மிச்சமில்லாமல் போயிற்று.

இதற்கு மருந்து சிறியது. அறிக்கைகளுக்குத் தனி கனெக்ஷன் பூல், அதில் நான்கைந்து இடம் போதும். ஒரு கேள்வி இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடினால் டேட்டாபேஸே அதை வெட்டிவிடும்படி ஸ்டேட்மென்ட் டைம்அவுட். பிறகு ஒரு ரீட் ரெப்ளிகா, அதாவது படிப்பதற்கு மட்டுமான டேட்டாபேஸ் நகல். அறிக்கைகள் அதிலிருந்து மட்டுமே படிக்கட்டும். ரெப்ளிகாவில் ஒரு சின்னக் கண்ணி உண்டு: மூல டேட்டாபேஸிலிருந்து வரும் மாற்றங்களோடு முரண்படும் நீண்ட கேள்விகளை அது பாதியில் ரத்துசெய்துவிடும். அதற்கு முன் பொறுத்திருக்கும் நேரம், இயல்பான அமைப்பில், 30 விநாடிதான். உங்கள் மாதாந்திர அறிக்கை அதற்குள் முடியாது என்பதால் அந்த எண்ணைக் கூட்டி வையுங்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு வார வேலை.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருவோம். 24 சர்வீஸ்களாகப் பிரித்துவிட்டு, டேட்டாபேஸ் மட்டும் பழையபடி ஒன்றாக இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும்? 24-உம் விழுந்திருக்கும். எது எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க 24 இடங்களில் லாக் தேட வேண்டியிருந்திருக்கும்.

பிரித்தால் என்ன கிடைக்கும், என்ன போகும்?

மைக்ரோசர்வீஸ் என்றால் வேகம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உங்கள் ஆர்டர் பட்டியல் பக்கமே அதற்கு எதிர்ச்சாட்சி. முன்பு பயனரின் பெயரை எடுப்பது அதே புரோகிராமுக்குள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது, நானோவிநாடிக் கணக்கு. இப்போது அது நெட்வொர்க்கில் போய்வருகிறது. ஒரே டேட்டா சென்டருக்குள்ளேயே போய்வர ஏறத்தாழ அரை மில்லிவிநாடி ஆகும். அனுப்புமுன் தரவை மூட்டைகட்டுவது, அங்கே அவிழ்ப்பது, டேட்டாபேஸ் வேலை எல்லாம் அதற்கு மேல். பக்கத்தில் 50 ஆர்டர்கள் இருந்து, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை பயனர் சர்வீஸைக் கூப்பிடுகிறீர்கள் என்றால், மெதுவாக வராமல் என்ன செய்யும்? 50 ஐடிகளையும் ஒரே அழைப்பில் அனுப்பிக் கேளுங்கள், உடனே வித்தியாசம் தெரியும்.

நம்பகத்தன்மையும் இப்படித்தான். ஒரு சர்வீஸ் 99.9 சதவீத நேரம் சரியாக இயங்குகிறது என்றால், மாதத்துக்கு சுமார் 43 நிமிடம் படுத்திருக்கும். நல்ல கணக்குதான். ஆனால் ஓர் ஆர்டர் முடிய இப்படிப்பட்ட பத்து சர்வீஸ்கள் வரிசையாகப் பதில் சொல்லியாக வேண்டும் என்றால், பத்தின் 99.9-ஐயும் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனி நேரத்தில் விழுவதாக வைத்துக்கொண்டால் கிடைப்பது சுமார் 99 சதவீதம், அதாவது மாதத்தில் ஏழு மணி நேரம். போன மாதம் நீங்கள் இழந்தது நான்கு. ஒன்று விழுந்தாலும் மற்றவை தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்: டைம்அவுட், பதில் வராவிட்டால் என்ன காட்டுவது என்ற மாற்றுவழி, தொடர்ந்து தோற்கும் சர்வீஸைக் கொஞ்ச நேரம் கூப்பிடாமலே இருக்கும் சர்க்யூட் பிரேக்கர். ரீட்ரையை (தோற்றால் மறுபடி முயல்வதை) யோசிக்காமல் போட்டுவிடக்கூடாது. மூன்று அடுக்குகள் ஒவ்வொன்றும் மூன்று முறை முயன்றால், அடியில் இருக்கும் ஏற்கெனவே மூச்சு வாங்கும் சர்வீஸுக்கு ஒரு கோரிக்கை 27 ஆகப் போய்ச் சேரும்.

அப்படியென்றால் எதற்காகத்தான் இதைச் செய்கிறார்கள்? பல குழுக்கள், ஒருவருக்காக ஒருவர் காத்திராமல், அவரவர் நேரத்தில் ரிலீஸ் செய்வதற்காக. ஒரு நிறுவனத்தில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்களோ அந்த வடிவத்திலேயே அதன் மென்பொருளும் அமையும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் ஒரே கோட்பேஸில் முட்டிமோதும் இடத்தில் சர்வீஸ்களாகப் பிரிப்பது பெரிய விடுதலை. உங்கள் குழுவில் ஒன்பது பேர். ஆளுக்கு இரண்டரைக்கு மேல் சர்வீஸ் வருகிறது. காத்திருக்க வேண்டிய இன்னொரு குழுவே உங்களிடம் இல்லை.

இயக்குநர் நெட்ஃபிளிக்ஸை உதாரணம் காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கதையை முழுதாகச் சொல்லிக்கொள்வது நல்லது. 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் பழுதாகி, மூன்று நாட்களுக்கு உறுப்பினர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதன் பிறகுதான் கிளவுடுக்கு மாறவும், பெரிய மோனோலித்தை (எல்லாம் ஒன்றாக இருக்கும் ஒரே புரோகிராமை) உடைக்கவும் முடிவெடுத்தார்கள். அந்த மாற்றம் நிறைவடைந்தது 2016 ஜனவரியில். ஏழு ஆண்டுகளுக்கு மேல். உங்களுக்குக் கொடுத்திருப்பது ஆறு மாதம்.

எதிர்த் தரப்புக்கும் ஒரு பிரபல உதாரணம் உண்டு, அதையும் எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். 2023-இல் அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தங்கள் கருவியைப் பல துண்டுகளிலிருந்து ஒரே புரோகிராமாக மாற்றி, செலவை 90 சதவீதம் குறைத்ததாக எழுதியது. "பிரைம் வீடியோவே மைக்ரோசர்வீஸைக் கைவிட்டது" என்று அது பரவியது. மாறியது அந்த ஒரு கருவிதான். இயக்குநரிடம் இதை ஆயுதமாக எடுத்துப் போகாதீர்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் ஒரு நிமிடத்தில் மடக்கிவிடுவார்.

டேட்டாபேஸைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் இரண்டாவது கேள்வி. என் பார்வையில் கடிதத்திலேயே முக்கியமானது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

இரண்டு சர்வீஸ்கள் ஒரே டேபிளைத் தொடும்வரை அவை இரண்டு சர்வீஸ்கள் ஆகவில்லை. பயனர் டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயர் மாறினால் மூன்று புரோகிராம்களையும் ஒரே இரவில் ரிலீஸ் செய்ய வேண்டும். அந்த டேபிளை யார் யார் படிக்கிறார்கள் என்று எந்த ஏபிஐயிலும் (புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேசும் வரையறையிலும்) எழுதியிருக்காது. உடைந்த பிறகுதான் தெரியும். மோனோலித்தின் பிணைப்பும் மைக்ரோசர்வீஸின் தாமதமும் சேர்ந்து கிடைக்கும் இந்த நிலைக்கு "டிஸ்ட்ரிபியூட்டட் மோனோலித்" என்று பெயர். நானே ஒருமுறை அதைக் கட்டி எழுப்பியிருக்கிறேன். ஆறு பேர் கொண்ட குழுவில் 14 சர்வீஸ்களை உண்டாக்கினோம். விலைப் பட்டியலில் ஒரு சின்ன மாற்றத்துக்கு நான்கு சர்வீஸ்களை, அதுவும் குறிப்பிட்ட வரிசையில், நள்ளிரவில் ஏற்றுவோம். வரிசை தப்பினால் ரோல்பேக்கும் (பழைய பதிப்புக்குத் திரும்புவதும்) அதே வரிசையில் தலைகீழாக. ஒன்றரை வருடம் கழித்து அவற்றை மூன்றாக இணைத்தோம். இணைத்த வாரம் குழுவில் எல்லோரும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனார்கள்.

சரி, டேட்டாபேஸையும் பிரித்துவிடலாம் என்றால், அங்கேதான் உண்மையான விலை. இன்று உங்கள் புரோகிராமில் ஆர்டர் பதிவாவது, இருப்பு குறைவது, கட்டணக் குறிப்பு எழுதுவது மூன்றும் ஒரே டிரான்சாக்ஷன். பாதியில் எது தோற்றாலும் மூன்றும் நடக்காததுபோல் ஆகிவிடும். இந்தச் சுகத்தை ஏழு வருடமாக இலவசமாக அனுபவித்து வருவதால் அதன் அருமை தெரியாது. மூன்றையும் தனித்தனி டேட்டாபேஸில் வைத்துவிட்டால், இருப்பு குறைந்திருக்கும், கட்டணம் தோற்றிருக்கும், நடுவில் யாரும் பொறுப்பில்லை. இரண்டு கட்ட கமிட் என்றொரு வழி இருக்கிறது: எல்லா டேட்டாபேஸ்களும் தயார் என்று சொன்ன பிறகே, ஒருங்கிணைக்கும் ஒரு சர்வர் மாற்றத்தை உறுதிசெய்யச் சொல்லும். ஒருங்கிணைக்கும் சர்வர் நடுவில் விழுந்தால் மற்றவை பூட்டுகளைப் பிடித்தபடி காத்துக்கிடக்கும் என்பதால் பலரும் அதைத் தவிர்க்கிறார்கள்.

வழக்கமான மாற்று, "சாகா" எனப்படும் முறை. ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இல், நெடுநேரம் ஓடும் டிரான்சாக்ஷன்களுக்காக முன்வைத்த யோசனை அது. பெரிய வேலையைச் சின்னச் சின்ன டிரான்சாக்ஷன்களாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஈடுசெய்யும் ஒரு செயலை எழுதி வைப்பது. கட்டணம் தோற்றால், "இருப்பைத் திரும்பக் கூட்டு" என்ற செயல் ஓடும். கேட்க எளிது. ஆனால் குறைத்ததற்கும் கூட்டியதற்கும் இடையில் வேறொருவர் "இருப்பு இல்லை" என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார். அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெற முடியாது. எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது என்பதை வியாபாரம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்துக்குக் கணக்குப் பிரிவினரையும் அழைக்க வேண்டியிருக்கும்.

செய்தி அனுப்புவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஆர்டரை டேட்டாபேஸில் எழுதிவிட்டு, பிறகு கியூவில் (சர்வீஸ்களுக்கு இடையே செய்திகள் காத்திருக்கும் வரிசையில்) "ஆர்டர் வந்தது" என்று போடுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் சர்வர் விழுந்தால் ஆர்டர் இருக்கும், செய்தி போகாது. அதனால் செய்தியையும் அதே டேட்டாபேஸில் ஓர் "அவுட்பாக்ஸ்" டேபிளில், அதே டிரான்சாக்ஷனில் எழுதிவிடுவார்கள். தனியாக ஓடும் ஒரு புரோகிராம் அதை எடுத்து கியூவுக்கு அனுப்பும். இதில் ஒரே செய்தி இரண்டு முறை போகும் வாய்ப்பு உண்டு. வாங்குபவர் ஏற்கெனவே பார்த்த செய்தியின் ஐடியை வைத்துக்கொண்டு, மறுபடி வந்தால் ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாத கட்டண சர்வீஸ், வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் எடுத்துவிடும்.

எதை வெட்டலாம், எதை விடலாம்?

நான் உங்கள் இடத்தில் இருந்தால், முதல் சில மாதம் எந்தப் புதிய சர்வீஸும் தொடங்க மாட்டேன். புரோகிராமுக்குள்ளேயே எல்லை போடுவேன். ஆர்டர், இருப்பு, கட்டணம், பட்டியல் ஒவ்வொன்றும் தனி மாட்யூல். ஒவ்வொன்றின் டேபிள்களும் போஸ்ட்கிரெஸிலேயே தனி ஸ்கீமாவில் (டேபிள்களின் தனித் தொகுப்பில்). ஒரு மாட்யூல் இன்னொன்றின் டேபிளை நேராகத் தொட்டால் பில்டே (புரோகிராமைக் கட்டும் படியே) தோற்க வேண்டும். தவறான இடத்தில் கோடு போட்டிருந்தால் இங்கே ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். நெட்வொர்க்கின் இரு பக்கமும் போன பிறகு அதே தவறைத் திருத்தக் காலாண்டு ஆகும்.

எல்லைகள் சில மாதம் அசையாமல் நின்ற பிறகு, வெளியே எடுக்கக் காரணம் இருப்பதை மட்டும் எடுங்கள். அறிவிப்பு நல்ல ஆள்: தாமதமானாலும் குடி முழுகாது, பதிலுக்கு யாரும் காத்திருப்பதில்லை. கட்டணத்தையும் யோசிக்கலாம், காரணம் பாதுகாப்பு. அட்டை விவரங்களைத் தொடும் பகுதி சிறியதாக, தனியாக இருந்தால், பிசிஐ டிஎஸ்எஸ் என்ற அட்டைப் பாதுகாப்புத் தரத்தின் தணிக்கை வரம்புக்குள் வரும் சர்வர்களும் ஆட்களும் குறைவார்கள். ஆர்டரையும் இருப்பையும் மட்டும் பிரிக்காதீர்கள். இரண்டும் ஒரே மூச்சில் மாறுபவை.

மாற்றும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பனையின் உச்சியில் பறவை எச்சமாகப் போட்ட ஆல விதை முளைத்து, வேரைக் கீழே இறக்கி, பனையை மெல்லச் சுற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட அத்தி மரங்களை ஆஸ்திரேலியாவில் பார்த்துவிட்டு, பழைய மென்பொருளை மாற்றும் ஒரு முறைக்கு அதையே ("ஸ்ட்ராங்லர்", அதாவது நெரிப்பது) மென்பொருள் எழுத்தாளர் மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் பெயராக வைத்தார். முன்னால், கோரிக்கைகளைப் பழையதற்கோ புதியதற்கோ அனுப்பும் ஒரு கேட்வே நிற்கும். ஒரு வழித்தடத்தை மட்டும் புதியதற்குத் திருப்புவீர்கள், அது நின்று பிடித்த பிறகு அடுத்தது. எந்த நாளில் வேலையை நிறுத்தினாலும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும். ஆறு மாதக் கெடு வைத்து மொத்தமாக மாற்றுவதில் அந்த வசதி கிடையாது.

குபர்நெட்டீஸ் வேறொரு முடிவு, இதோடு கட்டிப்போட வேண்டியதில்லை. மோனோலித்தையும் கன்டெய்னரில் (ஓடத் தேவையானவற்றோடு கட்டிய பெட்டியில்) போட்டு, கோரிக்கைகளைப் பகிர்ந்தளிக்கும் லோட் பேலன்சருக்குப் பின்னால் நான்கு பிரதிகள் ஓட்டலாம். செஷனை (பயனர் உள்நுழைந்திருக்கும் விவரத்தை) சர்வரின் நினைவகத்தில் வைக்காமல் வெளியே எடுத்துவிட்டால் போதும். குபர்நெட்டீஸுக்கு ஆண்டுக்கு மூன்று புதிய பதிப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு ஏறத்தாழ 14 மாதம். கிளவுட் நிறுவனம் பாதிச் சுமையைச் சுமந்தாலும், அந்த மேம்படுத்தலைத் தொடர்ந்து கவனிக்க உங்கள் ஒன்பது பேரில் ஒருவர் போய்விடுவார்.

இயக்குநரிடம் எப்படிப் பேசுவது?

அவர் கேட்பது 24 என்ற எண் என்று நினைக்காதீர்கள். மறுபடி நான்கு மணி நேரம் கடை மூடக்கூடாது, மாற்றங்கள் இரண்டு வாரம் காத்திருக்கக்கூடாது. இவைதான் அவர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவை. இரண்டிலும் நீங்கள் அவர் பக்கம். எனவே "முடியாது" என்று போகாமல், கனெக்ஷன் பூலையும் ரெப்ளிகாவையும் முடித்துவிட்டு, அடுத்த மாதக் கடைசி அமைதியாகக் கடந்த பிறகு, அன்றைய டேட்டாபேஸ் சுமையைக் காட்டும் வரைபடத்தோடு போங்கள். தானியங்கிச் சோதனைகளைக் கொஞ்சம் பலப்படுத்தினால் இதே மோனோலித்தை வாரம் இருமுறை ரிலீஸ் செய்யலாம். அதற்கும் தேதி குறித்துக் கொடுங்கள்.

கூடவே ஒரு பக்க முடிவுக் குறிப்பு எழுதி வையுங்கள்: என்ன பிரச்சினை, என்ன வழிகள் இருந்தன, எதை ஏன் தேர்ந்தோம், எது நடந்தால் மறுபரிசீலனை செய்வோம். "குழு 30 பேரைத் தாண்டினால்" என்பது மறுபரிசீலனைக்கு நல்ல நிபந்தனை. எல்லாம் கேட்ட பிறகும் அவர் 24 என்றே சொன்னால், முடிவெடுக்கும் உரிமை அவருடையது, அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் சில விஷயங்களைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. இரவில் அலாரம் அடித்தால் எந்த சர்வீஸுக்கு யார் எழுந்திருப்பது, அதற்கு என்ன ஈடு? ஒரு கோரிக்கை எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போனது என்று காட்டும் ட்ரேசிங்குக்கு நேரம் ஒதுக்கியாயிற்றா? இந்தப் பதில்களையும் அதே குறிப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரவுப் பணி அட்டவணையில் இருக்கப்போவது உங்கள் குழுவினரின் பெயர்கள்.

"பழைய ஆள்" என்ற பயத்துக்கு இப்போது வரலாம். நான் நேர்முகத் தேர்வுகளில் பல ஆண்டுகள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவன். "24 சர்வீஸ்கள் செய்தேன்" என்று சொல்பவரிடம் நான் கேட்கும் அடுத்த கேள்வி, "இருப்பும் கட்டணமும் முரண்பட்டபோது என்ன செய்தீர்கள்?" என்பதுதான். அங்கே பலர் தடுமாறுவார்கள். ஒரு மோனோலித்துக்குள் அவுட்பாக்ஸையும் எல்லைகளையும் கையால் கட்டியவர் தடுமாற மாட்டார். இந்த ஆறு மாதத்தில் நீங்கள் கற்கப்போவது அதுவாகவே இருக்கலாம்.

கடைசியாக, ஏற்கெனவே பிரித்த அந்த இரண்டு சர்வீஸ்கள். பயனர் கணக்கை மோனோலித்துக்குள் திரும்பக் கொண்டுவருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மாட்யூலாக உள்ளே வரட்டும். அறிவிப்பு வெளியிலேயே இருக்கட்டும், தனக்கு வேண்டிய நாலு டேபிள்களைத் தன் டேட்டாபேஸில் வைத்துக்கொள்ளட்டும். பழைய டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மட்டும் அதனிடமிருந்து இந்த வாரமே திரும்ப வாங்கிவிடுங்கள்.